உப்பு ஏறும் விதம்

மரக்காணம் உப்பளத்தில் அப்பா உப்பு வாரினார். திண்டிவனத்தில் விடுதியில் தங்கி நான் படித்தேன். குவித்த உப்பை ஒரு கோடைமழை கரைத்துவிட்டால் அந்த மாதம் வீட்டிலிருந்து பணம் வராது. சிறுபாணாற்றுப்படையில் உமணர்களின் உப்பு வண்டிகள் வருகின்றன என்றும், அதன் தலைவன் நல்லியக்கோடனின் கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டிய ஊர்தான் என்றும் விழுப்புரம் கல்லூரியில் தமிழாசிரியர் சொன்ன அன்று மட்டும் சற்றுப் பெருமையாக இருந்தது. மற்றபடி அப்பாவின் தொழிலை நான் எவரிடமும் சொன்னதில்லை.

பின்னாளில், பூமிக்கடியில் உப்பு வளர்வதைக் கணினியில் மாதிரியாக்கும் வேலை எனக்கு வாய்த்தது. எங்கள் மாவட்டத்தில் அத்தகைய உப்புக் குவிமாடங்கள் இல்லை. மெக்சிகோ வளைகுடாப் பகுதியிலும் ஈரானின் சாக்ரோஸ் மலைகளிலும் உண்டு. வற்றிய பழங்கடல் விட்டுச்சென்ற உப்பின்மேல் வண்டல் படிகிறது. புதையப் புதைய வண்டல் இறுகிக் கனக்கும். உப்போ அவ்வாறு இறுகாது. அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.2 கிராம் அளவிலேயே நிற்கும். திடப்பொருளாயினும் நெடுங்காலச் சுமையின் கீழ் அது மெல்ல ஒழுகும். அடுக்குகளைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அடர்த்தியும் பாகுநிலையும் கொடுத்துக் கணக்கிட்டால், பல லட்சம் ஆண்டுகள் ஓரிரவில் திரையில் ஓடிவிடும்.

உப்பு கனத்த வண்டலைத் துளைத்து ஏறுவதாகவே முதலில் கண்டேன். என் வாழ்க்கையும் அப்படித்தான் என்று உள்ளூர ஓர் எண்ணம். ஆனால் அமெரிக்க நிலவியலாளர் டொனால்ட் பார்ட்டன் 1933இல் வேறொரு விளக்கம் தந்திருந்தார். உப்பின் தலை மேற்பரப்பை ஒட்டி அங்கேயே நிற்கலாம். சுற்றிலும் வண்டல் படிய, அடித்தளம்தான் தாழ்கிறது. வண்டல் படியும் வேகத்தையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். தூண் நீண்டது, தலை இருந்த இடத்திலேயே இருந்தது. சுற்றியிருந்தவை யாவும் இறங்கின.

நான் ஏறியதாக எண்ணிய ஆண்டுகளில் எங்கள் வீட்டில் இறங்கியவற்றை அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. அப்பாவின் பாதங்கள் உப்புநீரில் வெடித்தன. தம்பி பத்தாம் வகுப்போடு நின்று பாத்தியில் இறங்கினான்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது தம்பியிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தான்.

"எவ்ளோ ஆழத்துலண்ணே இருக்குது இந்த உப்பு?"

"மூணு, நாலு கிலோமீட்டர்."

"அப்ப மழைக்குக் கரையாது" என்றான்.