சிஸ்டரின் கணக்கு நோட்டும் அல்லிக்குளமும்

எங்கள் பாடற்குழுவை நடத்தும் சிஸ்டரிடம் நீள அட்டைக் கணக்கு நோட்டு ஒன்று உண்டு. அதில் 31 பாடல்கள் இருக்கின்றன. எல்லாம் அவர் தம் கைப்பட எழுதியவை. சொற்கள் மட்டுமே உண்டு, மெட்டு கிடையாது. "மெட்டு எங்கே சிஸ்டர்?" என்று கேட்டால், சிரித்துக்கொண்டே தம் தொண்டையைத் தொட்டுக் காட்டுவார். அவற்றில் பல, சிஸ்டர் நவகன்னியர் மடத்தில் இருந்த காலத்தில் மூத்த கன்னியர் ஒருவரிடம் கேட்டுப் படித்தவை. அந்த மூத்தவர் இறைவனடி சேர்ந்து நெடுநாளாயிற்று. வேறெந்தக் கோயிலிலும் இப்பாடல்களை நாங்கள் கேட்டதில்லை.

சிஸ்டர் இங்கு வந்து ஆறு ஆண்டுகள் நிறைகின்றன. வரும் மே மாதம் மாற்றல். கன்னியருக்கு மாற்றல் வருவது புதிதன்று. மாலை போட்டு, அழுது, ரயிலேற்றிவிட்டு வருவோம். ஆனால் இம்முறை 31 மெட்டுகளும் சேர்ந்தல்லவா ரயிலேறிவிடும்! பாடற்குழுவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் நாங்கள் மூவரும் சென்ற ஜூலை மாதம் இதைப் பற்றிப் பேசத் தொடங்கினோம்.

இந்தக் கவலை எங்கள் ஊருக்குப் பழையது. தியாகராஜ சுவாமிகளின் சீடர்களில் ஒருவர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர். 1781இல் தஞ்சையை அடுத்த அய்யம்பேட்டையில் பிறந்து, பின்னர் இங்கே குடிவந்த சௌராஷ்டிரர். குருநாதர் பாடப் பாட அவற்றை ஓலையில் எழுதிக் காத்தவர் அவர். அவரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் சேர்த்து வைத்த சுவடிகள் இன்றும் வாலாஜாபேட்டைச் சுவடிகள் என்றே பெயர் பெற்று மதுரையில் சௌராஷ்டிர சபையில் இருக்கின்றன. எங்கள் ஊர்ப் பெயர் சங்கீத நூல்களில் இடம்பெறுவது இந்த எழுத்து வேலையினால்தான் என்று தெரிந்தபோது, நாங்களும் எழுதத்தான் வேண்டும் என்று தீர்மானித்தோம்.

எழுதுவது எதில்? எங்களில் ஒருத்தி கீபோர்டு வகுப்பில் மேலைநாட்டு ஐங்கோட்டு முறையைப் படித்தவள். சிஸ்டர் பாட, அவள் கீபோர்டில் தடவிப் பார்த்துக் கோட்டுத் தாளில் எழுதுவாள். அது சரிதான். ஆனால் "இது உயரம், ஒரு சுருதி இறக்கு" என்று சொல்லிவிட்டால் பக்கம் முழுவதையும் திரும்ப எழுத வேண்டும். நான்கு பாட்டுக்குள் அவள் விரல் வீங்கிவிட்டது.

அப்போதுதான் மற்றொருத்தியின் அண்ணன் உதவினார். அவர் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. இசையை அச்சுக்கோக்கும் மென்பொருள் ஒன்று காசில்லாமலே கிடைக்கிறது என்று அவர் தேடிச் சொன்னார். அதன் பெயர் லில்லிபாண்ட். அல்லிக்குளம் என்று பொருள். 1996இல் நெதர்லாந்து நாட்டில் ஹான்-வென் நீன்ஹாய்ஸ், யான் நீவன்ஹாய்சன் என்னும் இரு இளைஞர்கள் இதைத் தொடங்கினார்கள். ஒருவர் ஹார்ன் ஊதுபவர், மற்றவர் வயோலா வாசிப்பவர். ஓர் இளைஞர் இசைக்குழுவில் நண்பரானவர்கள். முற்காலத்தில் இசைப் பக்கங்களை அச்சிட, வெள்ளீயக் கலவைத் தகட்டில் ஒவ்வொரு குறியையும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிச் சுத்தியலால் அடித்துப் பதிப்பார்களாம். அந்தப் பழைய பக்கங்களின் அழகு கம்ப்யூட்டர் அச்சில் இல்லையே என்ற ஏக்கத்தில் பிறந்தது இது.

மென்பொருளைப் போடுவது கடினமில்லை. சுருக்கிக் கட்டிய கோப்பு ஒன்று இறங்கும். அதை விரித்து ஓரிடத்தில் வைக்க வேண்டும், அவ்வளவே. ஆனால் திறந்து பார்த்தால் படமும் இல்லை, பொத்தானும் இல்லை! எழுதுவதற்கு வேறொரு துணை மென்பொருள் வேண்டும். அதற்குப் பெயர் பிரெஸ்கோபால்டி. 1608 முதல் ரோமாபுரியில் புனித பேதுரு பேராலயத்தில் ஆர்கன் வாசித்த இத்தாலிய இசைமேதையின் பெயர் அது. இதைச் சொன்னதும் சிஸ்டருக்குக் கம்ப்யூட்டர் மீதே மரியாதை வந்துவிட்டது. அல்லிக்குளம் எந்த அறையில் இருக்கிறது என்று பிரெஸ்கோபால்டிக்கு ஒருமுறை வழிகாட்டிவிட்டால், பிறகு இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்.

இதில் ஸ்வரத்தைச் சுட்டி வைத்து வரைவதில்லை. எழுத்தாகத் தட்ட வேண்டும். சி என்று அடித்துப் பக்கத்தில் 4 போட்டால் கால் பங்கு ஸ்வரம். 8 போட்டால் எட்டில் ஒரு பங்கு. மேல் ஸ்தாயிக்கு ஒற்றை மேற்கோள் குறி, கீழ் ஸ்தாயிக்குக் கால்புள்ளி. டச்சுக்காரர் செய்ததாகையால் எஃப் ஷார்ப்பை "ஃபிஸ்" என்றும், பி ஃப்ளாட்டை "பெஸ்" என்றும் எழுத வேண்டும். நாங்கள் "ஃபிஸ், ஃபிஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு, இன்று மீன் குழம்பா என்று ஒருத்தியின் தம்பி வந்து எட்டிப் பார்த்தான்.

எல்லாம் தட்டி முடித்து ஒரு பொத்தானை அழுத்தினால், சில விநாடிகளில் அச்சுப் பக்கம் வந்து நிற்கிறது. அரை ஸ்வரம் கால் ஸ்வரத்தைப் போல் இரு மடங்கு நேரம் ஒலிக்கும்; அதற்காக இரு மடங்கு இடம் விட்டால் பக்கம் பல் போன வாய்போல் இருக்கும். ஆகவே கொஞ்சம் மட்டும் கூடுதலாக விடுகிறது. இதையெல்லாம் அதுவே கணக்கிடுகிறது. சுருதி இறக்க ஒரே ஒரு வரி போதும். விரல் வீங்கியவளின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

தொல்லை வந்தது ஸ்வரத்தில் அன்று, தமிழில். சில பாடல்களின் சொற்கள் முன்பே ஓர் அச்சகத்தில் தட்டச்சாகி இருந்தன. அவற்றை அப்படியே எடுத்து ஒட்டினால், அவை பழைய எழுத்துருவில் இருந்ததால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தன. அல்லிக்குளத்துக்கு யூனிகோடு மட்டுமே புரியும். ஆகவே தமிழ்99 விசைப்பலகையைப் பழகி எல்லாவற்றையும் மீண்டும் அடித்தோம்.

அடுத்து, சொல்லை ஸ்வரத்துக்கு ஒன்றாக நறுக்கி, நடுவே இரு சிறு கோடுகள் இட வேண்டும். எங்கே நறுக்குவது? இங்கேதான் தமிழம்மா நடத்திய யாப்பிலக்கணம் கைகொடுத்தது. ஒற்று தனித்து நிற்காது, முன்னெழுத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்று அசை பிரிக்கும்போது படித்தோமே! நெஞ்–ச–மே, கர்த்–த–ரே என்று வெட்டினால் பாட்டு அப்படியே உட்கார்ந்தது. நேரசை நிரையசை பார்த்தது மதிப்பெண்ணுக்காக மட்டும் என்று அதுவரை எண்ணியிருந்தோம்.

ஆனால் "அன்பு ஒன்று" என்று ஓரிடம் வந்தது. எண்ணினால் நான்கு துண்டு. மெட்டில் இருப்பதோ மூன்று ஸ்வரம். சிஸ்டர் "அன்பொன்று" என்றே பாடுகிறார். உயிர் வந்தால் குற்றியலுகரம் கெடும் என்பது விதிதான். "பாடுவதுபோல் எழுதிவிடுங்கள்" என்றார் சிஸ்டர். "சின்னப் பிள்ளைகள் படிக்கிற தாள், அன்பு தனியாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும்" என்றார் தமிழம்மா. இருவருக்கும் நடுவில் நாங்கள்! ஒரு வாரம் போயிற்று. இத்தாலியப் பாடல்களிலும் இதே தொல்லை உண்டென்றும், இரண்டு துண்டுகளுக்கு நடுவே அலைக்குறி ஒன்றைத் தட்டினால் அவற்றை ஒரே ஸ்வரத்தின் கீழ் ஒரு சிறு வளைவால் இணைத்து அச்சிடும் என்றும் அதன் கையேட்டில் கண்டோம். அதை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாடச் சொன்னோம். இருவர் தவிர எல்லோரும் சரியாகப் பாடினார்கள்.

தமிழ் எழுத்து அகலமானது என்பதையும் சொல்ல வேண்டும். "கொண்", "ளாய்" போன்றவை வந்தால் மேலே உள்ள ஸ்வரங்கள் விலகி இடம் கொடுக்கின்றன. கையால் எழுதியபோது ஒரு பக்கத்தில் அடங்கியது இரண்டு பக்கமாயிற்று. எழுத்தைச் சிறிதாக்கிச் சமாளித்தோம்.

எங்களால் சமாளிக்க முடியாதது இருபதாம் பாடல். அது குழந்தை இயேசுவுக்கு ஒரு தாலாட்டு, நீலாம்பரி ராகம். எழுதியதை வாசித்துக் காட்டவும் இந்த மென்பொருள் ஒலிக்கோப்பு ஒன்று தரும். அதைக் கேட்ட சிஸ்டர், "பிள்ளைகளா, இது குழந்தையைத் தூங்க வைக்காது, தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடும்" என்றார். உண்மைதான். ஸ்வரங்கள் எல்லாம் சரி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகம் இல்லை. சறுக்குக் கோடு போட்டோம். குட்டி ஸ்வரங்களை ஒட்டினோம். சிஸ்டர் பென்சிலால் பாதியை அடித்துவிட்டார்.

எங்களுக்கு முன்பே இதே சுவரில் முட்டியவர்கள் உண்டு. சென்னைத் தலைமைச் செயலகத்தில் பணியாற்றிய கிறிஸ்தவர் சின்னசாமி முதலியார், எங்கள் ஊர்க் கிருஷ்ணசாமி பாகவதரிடம் தியாகராஜர் கீர்த்தனைகளைக் கேட்டு, 1893இல் ஐங்கோட்டு முறையில் அச்சிட்டார். அதில் அவர் பொருளும் கரைந்தது, கண்பார்வையும் மங்கியது. அவரது தூண்டுதலால் சுப்பராம தீட்சிதர் எழுதி, எட்டயபுரம் அரண்மனை அச்சகத்தில் 1904இல் வெளியான சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில், கமகங்களுக்கென்றே தனிக் குறிகள் அமைத்து அச்சிட்டிருக்கிறார்கள். அவற்றை நாங்கள் அல்லிக்குளத்தில் புகுத்தலாம். ஆனால் படிக்க எங்கள் குழுவில் ஆளில்லை. ஆகவே தாலாட்டின் எலும்பை மட்டும் தாளில் வைத்து, சிஸ்டரின் குரலைப் போனில் பதிவு செய்து அதே எண்ணைப் பெயராகக் கொடுத்தோம்.

"குரலே இருக்கும்போது தாள் எதற்கு?" என்று தமிழம்மா கேட்டார். குரலைக் கேட்டு ஒருத்தி கற்கலாம். நாற்பது பேர் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் மூச்செடுக்கவும், கீபோர்டுக்காரர் கூடவே வாசிக்கவும் தாள்தான் வேண்டும் என்பது எங்கள் எண்ணம். "பரீட்சையை வெச்சுக்கிட்டு எதுக்குடி இந்தப் பாட்டு வேலை?" என்று எங்கள் அம்மாமார் கேட்டதற்குத்தான் இன்றுவரை பதில் இல்லை. ஞாயிறு திருப்பலிக்குப் பின் இரண்டு மணி நேரம் என்று உடன்படிக்கை.

கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தாளைப் பார்த்துத் தாலாட்டைப் பாடினார்கள். சிஸ்டர் பாடவில்லை, கடைசி வரிசையில் நின்று கேட்டார். மூன்றாம் அடியில் அவர் வழக்கமாக வளைத்து இறங்கும் இடத்தை, பிள்ளைகள் தாளில் உள்ளபடியே நேராகப் பாடிச் சென்றார்கள். "பரவாயில்லை, அப்படியும் நன்றாயிருக்கிறது" என்றார். எங்களுக்கு மனம் ஆறவில்லை. அந்த அடிக்கு மட்டும் ஒரு வளைகோடு சேர்த்து மறுபடி அச்செடுத்திருக்கிறோம்.

இருபது பாடல்கள் முடிந்தன, பதினொன்று மீதி. பொதுத் தேர்வு முடிந்ததும் சிஸ்டர் புறப்படுவதற்குள் சில வாரங்கள் கிடைக்கும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து இரண்டு பேர் இப்போதே எங்களோடு வந்து உட்காருகிறார்கள். அதில் ஒருத்தி எங்களைவிட வேகமாகத் தமிழ்99 அடிக்கிறாள். கோப்புகள் யாவும் நூலகக் கம்ப்யூட்டரில், பாட்டின் எண்ணைப் பெயராகக் கொண்டு, ஒலிப்பதிவுகளோடு சேர்த்து வைக்கப்பட்டுள்ளன.