இல்லை என்றால் இல்லையா?

கம்பைலரை மூலநிரலிலிருந்து கட்டிப் பார்த்தவர்களுக்கு ஒரு வரி பழக்கமானது: 'அப்படி ஒரு கோப்பு இல்லை.' நாம் எழுதும் நிரலை இயந்திரத்துக்கான கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர். நிரல் தன் தலையில், எந்தெந்தத் தலைப்புக் கோப்புகள் வேண்டும் என்று கேட்கும். கம்பைலர் தனக்குத் தெரிந்த இடங்களில் தேடும். கிடைக்காவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.

எனக்கு இந்த வேலை பெரியப்பாவால் வந்தது. கோத்தா திங்கி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். யூனிகோட் பரவுவதற்கு முன்பே லயத்து வாழ்க்கையைத் தமிழில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். இன்று திறந்தால் எல்லாம் கிறுக்கல். அவற்றை மாற்றித் தரும் பழைய நிரல் ஒன்று கிடைத்தது. அது 'ஐஓஸ்ட்ரீம்.எச்' என்ற கோப்பைக் கேட்டது. 2008இல் வந்த ஜிசிசி 4.3 அதை நீக்கிவிட்டது. நிரலில் கைவைக்காமல் ஓட்டிப் பார்க்க நினைத்தேன். பழைய மடிக்கணினியில் டெபியன் 7 இருந்தது. அதில் ஜிசிசி 3.4ஐக் கட்டத் தொடங்கினேன்.

ஜிசிசி மூன்று கட்டமாகத் தன்னைக் கட்டிக்கொள்ளும். முதல் கட்டத்தைக் கணினியில் ஏற்கெனவே உள்ள கம்பைலர் கட்டும். அந்தப் புதியது தன்னையே மறுபடி கட்டும். பிறகு இன்னொரு முறை. கடைசி இரண்டும் ஒத்துப்போக வேண்டும். பழைய கம்பைலர் வேலை செய்தவரை தடையில்லை. புதியது முதன்முதலாகச் சொந்தக் காலில் நின்றதும் 'இல்லை' வந்தது. கேட்ட கோப்பு கிடைத்தது. அந்தக் கோப்பு கூப்பிட்ட உள்கோப்புதான் கிடைக்கவில்லை.

கோப்பு அதே வட்டில்தான் இருந்தது. ஒரே கணினியில் பல வன்பொருள் வகைகளுக்கான நூலகங்களை அருகருகே வைப்பதற்காக, 2011இல் உபுண்டுவும் 2013இல் டெபியன் 7உம் அவற்றில் பலவற்றை வகைப்பெயர் கொண்ட உள்ளடைவுகளுக்கு நகர்த்தின. டெபியனோடு வந்த கம்பைலருக்கு அந்த முகவரி எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. அதற்கு முன்பே வெளிவந்த 3.4க்கு யாரும் சொல்லவில்லை. விரிவாகப் பேசச் சொன்னால் கம்பைலர் தான் தேடும் இடங்களை வரிசையாகக் காட்டும். அதில் இந்த அடைவு இல்லை. சூழல் மாறிகளில் சேர்த்தேன், தலைப்புக் கோப்புகளுக்கு ஒன்று, நூலகங்களுக்கு ஒன்று. கட்டுமானம் நகர்ந்தது.

பெரியப்பாவின் எழுத்து திறந்தது. 'ஏழாங்கட்டையில் இறங்கினால் எங்கள் லயம்' என்றிருந்தது. நாடு கிலோமீட்டருக்கு மாறியும் எங்கள் பெரியவர்களுக்குக் கட்டைதான் கணக்கு. தேடிப் பார்த்தேன், அப்படி ஒரு லயம் எந்த வரைபடத்திலும் இல்லை. போன் செய்தேன்.

"ஜேபியிலேர்ந்து எண்ணுனா எப்படிக் கெடைக்கும்? கோத்தா திங்கியிலேர்ந்து மெர்சிங் ரோட்டுல எண்ணணும்யா. இப்ப எல்லாம் செம்பனை. கெணறு மட்டும் இருக்கும்."

எங்கிருந்து எண்ணுவது என்பதை அவர் எழுதவில்லை. அவர் காலத்தில் அதை எழுதத் தேவையிருக்கவில்லை, கேட்பவர் எல்லாருக்கும் தெரியும். அதைத் தெரிந்தவர்கள் இன்று எங்கள் குடும்பத்தில் மூன்று பேர்.

ஐஓஸ்ட்ரீம்.எச் உண்மையிலேயே நீக்கப்பட்டது. மற்றது இடம் மாறியது. இரண்டுக்கும் திரையில் வருவது ஒரே வரி. எது எதுவென்று தெரிய, தேடிய இடங்களின் பட்டியலைப் பார்த்தாக வேண்டும். தோட்டங்களைப் பற்றி 'ஒன்றுமே மிஞ்சவில்லை' என்று எழுதும் நம் தலைமுறை அந்தப் பட்டியலையும் கூடவே எழுதலாம். கேட்டுச் சொல்ல ஆள் இருக்கும்போதே.