விலைக்கு வாங்கும் பசலை

பிரெஞ்சுக் கலைஞர் பிரெடரிக் துவாசான் 2013ஆம் ஆண்டில் உருவாக்கிய 'சூப்பர்வீனஸ்' என்னும் அசைவூட்டக் குறும்படம் சில நிமிடங்களே ஓடுவது. உடற்கூற்று நூலில் காணப்படுவது போன்ற ஒரு பெண்ணுருவமே அதன் தலைவி. கையுறை அணிந்த கைகள் வந்து அவளைத் திருத்தத் தொடங்குகின்றன. மயிரை நீக்குகின்றன, ஊசி ஏற்றுகின்றன, ஓரிடத்தில் சதையைக் குறைத்து மற்றோரிடத்தில் கூட்டுகின்றன. திருத்தத் திருத்த அவள் உருக்குலைந்து போகின்றாள். பள்ளிச் சிறார்க்குக் காட்டத்தக்க படமன்று. பெற்றோரும் ஆசிரியரும் ஒருமுறை பார்க்கலாம். அப்பெண்ணைக் காட்டிலும் அந்தக் கைகளே என் நினைவில் நிற்கின்றன. அவற்றிற்கு உரியவர் யார் என்று படம் சொல்வதேயில்லை.

நம் நாட்டில் ஒருமுறை அக்கைகளுக்கு உரியவர் யாரென்று தெரிந்தது. 2017ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளை ஒட்டி, வாட்சன்ஸ் மலேசியா நிறுவனம் 'லெகெண்டா சுன் ராயா' என்னும் விளம்பரக் குறும்படத்தை வெளியிட்டது. இனிய குரலுடைய பெண்ணொருத்தியைத் தேடுகின்றான் ஒரு செல்வன். குரலுக்கு உரியவளைக் காண்கின்றான்; அவள் முகம் கறுப்பு. அஞ்சிப் பின்வாங்குகின்றான். அவளோ ஒப்பனைப் பொருள்களால் வெண்மை பெற்று வருகின்றாள்; உடனே அழகியாகி விடுகின்றாள்! கறுப்பாகத் தோன்றுவதற்காக நடிகையின் முகத்தில் மை பூசியிருந்தார்கள். எதிர்ப்பு எழுந்தது. தாயாங் செனண்டோங் என்னும் மலாய்ப் பழங்கதையைத் தழுவியது என்று முதலில் விளக்கம் வந்தது. பின்னர் நிறுவனம் மன்னிப்புக் கோரிப் படத்தை நீக்கிக் கொண்டது.

அப்போது நம்மவர் பலர் சினந்து பேசினர். சினம் நியாயமானதே. ஆயினும், நம் வீட்டு நிலைக்கண்ணாடியின் கீழ்த்தட்டில் இருந்த குழலை அன்று எத்தனை பேர் எடுத்துப் பார்த்தோம்?

'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் அக்களிம்பு 1975ஆம் ஆண்டில் இந்தியாவில் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தால் விற்பனைக்கு வந்தது. ஏறத்தாழ என் தலைமுறையோடு வளர்ந்த பொருள் அது. அதன் விளம்பரங்கள் பலவற்றின் கதை ஒன்றே. கறுத்த பெண்ணுக்கு வேலை கிட்டாது, மணமகன் அமையான். களிம்பு பூசியபின் இரண்டும் தாமே வந்து சேரும். கருநிறத்தாரைத் தாழ்ந்தவராகவோ துயருற்றவராகவோ காட்டலாகாது என்று இந்திய விளம்பரத் தரக் கழகம் 2014ஆம் ஆண்டில் விதி வகுத்தது. 2020ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டபின் எழுந்த உலகளாவிய எதிர்ப்பின் நடுவே, அக்களிம்பு 'குளோ அண்ட் லவ்லி' எனப் பெயர் மாறிற்று. சாதி டாட் காம் என்னும் மணமக்கள் தேடும் தளமும் தோல் நிறத்தால் வரனைச் சலிக்கும் வசதியை அவ்வாண்டிலேயே நீக்கியது. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு சொல் போயிற்று!

பெயர் பெற்ற பொருள்களை விடக் கொடியவை சந்தைகளில் மறைவாக விற்கும் களிம்புகள். தோலுக்கு நிறந்தரும் மெலனின் உருவாவதைத் தடுக்கப் பாதரசம் கலப்பார்கள். அது உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் கலந்த ஒப்பனைப் பொருள்களின் பெயர்களை நம் சுகாதார அமைச்சு அவ்வப்போது வெளியிட்டுத் தடை செய்கின்றது. பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் நெடுங்காலமாக எச்சரித்து வருகின்றது.

இத்தனைக்கும் நம் முன்னோர் வெண்மையை அழகென்று எண்ணியவர்களல்லர். சங்கப் பாடல்களில் தலைவியின் வனப்புக்கு 'மாமை' என்று பெயர். மாந்தளிரின் நிறம் என்று உரையாசிரியர் விளக்குவர். தலைவியை 'மாயோள்' என்றே அழைப்பதுண்டு. அவளுக்குத் துன்பம் வந்தால் அந்த மாமை அழிந்து மேனி வெளிறும், அதுதான் பசலை. பீர்க்கம்பூவை அதற்கு உவமை சொன்னார்கள். திருக்குறளின் 119ஆம் அதிகாரம் முழுவதும் அதைப் பற்றியதே. வெளிறுதல் ஒரு நோய், பிரிவுத்துயரின் அடையாளம். பயிற்சிக் கல்லூரியில் இதனைத் தேர்வுக்காகப் படித்தோம், எழுதினோம், மதிப்பெண்ணும் பெற்றோம். அந்த நோயைத்தான் இன்று குழலில் அடைத்து விலைக்கு வாங்குகின்றோம்.

ஓவிய வேளைகளில் நான் கண்டது ஒன்றுண்டு. வண்ணக் கட்டிப் பெட்டியில் இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த ஒரு வண்ணம் இருக்கும். பிள்ளைகள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'தோல் கலர்'. "டீச்சர், தோல் கலர் முடிஞ்சு போச்சு" என்று மாணவி கேட்பாள். நீட்டுகின்ற கையோ அழகிய கருங்கை. யாரும் கற்பிக்காமலே கற்ற பாடம் அது. ரப்பர்த் தோட்டத்தில் விடியலில் பால்மரம் வெட்டி, உச்சி வெயிலில் வாளி சுமந்த பெண்களின் பேத்திகள் இவர்கள். அந்தப் பாட்டிமாரின் நிறம் எந்தக் கட்டியில் இருக்கின்றது என்று கேட்டேன். பெட்டியைத் துழாவிப் பழுப்பை எடுத்தாள் ஒருத்தி. அதன் முனை கூட மழுங்காமல் புதிதாக இருந்தது.

பள்ளி ஆண்டு விழா ஒன்றில் பாஞ்சாலி நாடகம் போட்டோம். சிவந்த பிள்ளையாகப் பார்த்துத் தெரிவு செய்யலாம் என்றார் ஓர் ஆசிரியை. பாஞ்சாலிக்குக் கிருஷ்ணை என்றும் பெயர். கறுத்தவள் என்பது அதன் பொருள் என்றேன். குரல் வளமும் மனனத் திறனும் உடைய ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியைத் தேர்ந்தோம். நிறம் கறுப்பு, வசனம் வெண்கலம்.

விழா மாலையில் ஒப்பனை அறைக்குச் சென்றேன். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் வேலை முடிந்து சீருடையோடு ஓடி வந்திருந்த அவள் தாய், மகளின் முகத்திலும் கழுத்திலும் மாவை அப்பிக் கொண்டிருந்தார். பிள்ளையின் முகம் சாம்பல் பூத்திருந்தது.

"என்னம்மா இது?" என்றேன்.

"மேடை வெளிச்சத்துல புள்ள ரொம்பக் கறுப்பாத் தெரிவா, ஐயா. நாலு பேரு சிரிப்பாங்க. நான் பட்டது போதும்."

நான் ஆயத்தமாக வைத்திருந்த விளக்கம் எதுவும் அந்தக் கடைசிச் சொற்களின் முன் நிற்கவில்லை. மணி அடித்தது. பாஞ்சாலி சாம்பல் முகத்தோடு மேடையேறினாள். சபையில் நீதி கேட்கும் இடத்தில் வியர்வை வழிந்து மாவு கோடுகோடாகக் கரைந்தது. யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த தாய் மட்டும், கைப்பையிலிருந்து மாவு டப்பாவை எடுத்து மடியில் வைத்துக் கொண்டு, அடுத்த காட்சி முடிவதற்காகக் காத்திருந்தார்.