நத்தை தின்ன சோறு யார் வீட்டுது?

குவீன்ஸ்டவுன்,
சிங்கப்பூர்

அன்புள்ள சரசு,

உன் கடிதம் கிடைச்சுது. ஊர்ல யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லைன்னு ரெண்டு பக்கம் எழுதியிருக்கே. படிச்சுச் சிரிச்சு மாளலை. பதிலுக்கு நானும் ஒரு வம்பு வச்சிருக்கேன். இது நண்டு, நத்தை வம்பு.

எங்க வட்டாரத்துலயே கென்ட் ரிட்ஜ்ல லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கு. 2015 ஜூலையில ஜூரோங் தீவுப் பக்கம் செத்து மிதந்த திமிங்கிலம், 10.6 மீட்டர், அங்கே எலும்புக்கூடா நிக்குது. வயித்துக்குள்ள கணவாய் அலகும் பிளாஸ்டிக்கும் கிடந்துச்சாம். ஆனா எது எதைத் தின்னு வாழுதுன்னு வயித்தை நம்பி ஒரு முடிவுக்கு வர முடியாதுடி. கடைசியா தின்னதுதான் அதுல தெரியும்; அதுலயும் செரிக்காததுதான் மிஞ்சும். சேத்துல ஊருற நத்தையை அறுத்தா கிடைக்கிறது இன்னும் மோசம், வெறும் சேறு.

அதனால சதையை விசாரிக்கிறாங்க. கார்பன்ல கனத்த வகை ஒண்ணு உண்டு, கார்பன்-13. நூத்துக்கு ஒண்ணு சொச்சம்தான் இருக்கும். கதிர்வீச்சு எதுவும் கிடையாது, பயப்படாதே. ஒவ்வொரு செடியும் அதை வேற வேற அளவுல எடுத்துக்குது. பொதுவான ஒரு தரத்தைவிட ஆயிரத்துக்கு எவ்வளவு குறைச்சல்னு அலையாத்தி இலையை அளந்தா மைனஸ் 28 வாக்குல வரும். கடல்புல்லுக்கு மைனஸ் 10லேர்ந்து 15. சேத்து மேல படியுற நுண்பாசி பெரும்பாலும் ரெண்டுக்கும் நடுவுல நிக்கும். தின்னவன் உடம்புல அந்த எண் பெரிய மாற்றமில்லாம ஒட்டிக்கும், வாரக்கணக்கா மாசக்கணக்கா அழியாது. நைட்ரஜன்ல கனத்த வகையான நைட்ரஜன்-15 வேற கதை. ஒருத்தனை இன்னொருத்தன் தின்னா, ஒவ்வொரு படிக்கும் ஆயிரத்துக்கு 3.4 கிட்ட கூடும். ஆக, எந்த வீட்டுச் சோறுன்னு கார்பன் சொல்லும், எத்தனையாவது பந்தின்னு நைட்ரஜன் சொல்லும்.

வேலை மட்டும் ரொம்பப் பொடி வேலை. பிடிச்சு வந்த நத்தையைச் சுத்தமான கடல்தண்ணியில ராத்திரி முழுக்கப் பட்டினி போடணும், வயித்துச் சேறு வெளியேறட்டும்னு. அப்புறம் சதையைக் காயவச்சு மாவா இடிக்கணும். ஓட்டுத்தூள் கலந்திருந்தா அமிலத்துல கழுவணும். ஓட்டுலயும் கார்பன் இருக்கே, அது கணக்கைக் கெடுத்துடும். ஒரு மில்லிகிராம் சுமாருக்கு எடுத்து, கடுகளவு வெள்ளீயக் குப்பியில போட்டு, இடுக்கியால மடிச்சு உருட்டி, 1000 டிகிரி சூட்டுல எரிச்சு, வர்ற வாயுவை நிறை நிறமாலைமானி எடை பார்க்கும். யாராவது பக்கத்துல தும்மினா அன்னிக்கு உழைப்பு போச்சு!

இப்போ வம்புக்கு வரேன். அலையாத்திக் காடு இலை உதிர்க்குது, அதைத் தின்னுதான் சேத்து ஜீவன் எல்லாம் பிழைக்குதுன்னு ரொம்ப நாளா ஒரு பேச்சு. 1984ல வெளியான ஆய்வுக்காக மலேசியக் கரையில அளந்தப்போ, காட்டுக்குள்ள இருந்த பிராணிகள் உடம்புல இலையோட கார்பன் இருந்துச்சு. கடல் பக்கம் போகப் போக மங்கிப் போச்சு. நம்ம பக்கத்து ஆந்திராவுல, கோதாவரி முகத்துவாரத்துக் கோரிங்கா காட்டுல பெல்ஜியம்காரங்களும் ஆந்திரப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து அளந்து 2002ல வெளியிட்டதுல பழைய பேச்சே ஆட்டம் கண்டுடுச்சு. அங்கே காட்டுத் தரையில வாழுற பெரும்பாலான நத்தை, நண்டுக்கு இலை முக்கியச் சாப்பாடே இல்லையாம். உள்ளூர்ப் பாசியும் அலை கொண்டுவர்ற பாசியும்தான் சோறு போட்டிருக்கு. பேர் வாங்கினது மரம்! இலையை இழுத்துட்டுப் போய்த் தின்னுற நண்டு இல்லாம இல்லை, ஆனா எல்லாரும் அப்படி இல்லை.

இன்னொண்ணு கேளு. கனடாவுல ஃப்ரேசர் ஆத்து முகத்துல உள்ளான் கூட்டம் புழு பொறுக்குதுன்னுதான் நெனச்சிருந்தாங்க. 2008ல வெளியான ஆய்வுல, படம் பிடிச்சு, இதே கார்பன், நைட்ரஜன் எண்ணும் பார்த்தா, சாப்பாட்டுல பாதி சேத்து மேல இருக்கிற வழவழப்புப் படலமாம். எங்க சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்கு வர்ற உள்ளான்களை இனி நான் வேற கண்ணோடதான் பார்ப்பேன்.

இதுலயும் ஓட்டை உண்டு. ரெண்டு சாப்பாட்டுக்கு ஒரே எண் வந்துட்டா எது எதுன்னு பிரிக்க முடியாது. அப்போ வயித்தையும் பார்க்கணும், கண்ணாலயும் பார்க்கணும். எண்ணை மட்டும் வச்சுத் தீர்ப்பு எழுதுறவங்களை நான் நம்ப மாட்டேன்.

அடுத்த தடவை பிச்சாவரம் அலையாத்திக் காட்டுல படகு ஏறினா, மரத்தையே போட்டோ எடுத்துட்டு வராதே. தண்ணி வத்தின நேரமாப் பார்த்துப் போ. சேத்து மேல பழுப்பும் பச்சையுமா மினுமினுன்னு ஒரு பூச்சு தெரியும். அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

உன்,
பத்மா