வேகத்திற்கு முன் பிரேக்

கிள்ளானைச் சேர்ந்த அந்த இளைஞர், வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் சேமித்த பணத்தில் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். இருவர் மட்டுமே அமரக்கூடிய, ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள சிறிய கார் அது. அதை மேம்படுத்தி, செப்பாங் அனைத்துலகப் பந்தயத் தளத்தில் ஓட்ட வேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை.

எஞ்சினின் ஆற்றலைக் கூட்டும் எண்ணத்துடன் பட்டறைக்குச் சென்றார். பட்டறைக்காரர் சிரித்தார்.

“தம்பி, காரை ஓட வைப்பது எளிது, நிறுத்துவதுதான் கடினம். முதலில் பிரேக்கைக் கவனியுங்கள். வேகம் இரண்டு மடங்கானால், நிறுத்துவதற்குப் பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். அது அத்தனையும் வெப்பமாக மாறும்.”

இளைஞர் ஒப்புக்கொண்டார். வெப்பம் தாங்கும் பிரேக் கட்டைகளும் நல்ல டயர்களும் பொருத்தப்பட்டன.

“பிரேக் எண்ணெயையும் மாற்றிவிடலாமா? பழையதாகத் தெரிகிறதே” என்று கேட்டார் பட்டறைக்காரர்.

“அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம், அண்ணே.”

மீதிப் பணத்தில் அவர் பளபளக்கும் புதிய சக்கரங்களை வாங்கினார்.

செப்பாங் தளம் 1999ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 2017 வரை அங்கு ஃபார்முலா 1 பந்தயங்கள் நடைபெற்றன. ஒரு சுற்றின் நீளம் 5.543 கிலோமீட்டர், மொத்தம் 15 வளைவுகள். பொதுமக்கள் தங்கள் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் நாள்களும் அங்கு உண்டு. அது போட்டி அன்று, பரிசும் இல்லை. தலைக்கவசம் கட்டாயம். ஓட்டுவதற்கு முன் விதிமுறைகள் விளக்கப்படும். மஞ்சள் கொடி அசைந்தால் ஆபத்து என்று பொருள். வேகத்தைக் குறைக்க வேண்டும், யாரையும் முந்தக் கூடாது. சிவப்புக் கொடி காட்டப்பட்டால் அனைவரும் மெதுவாகத் திரும்பிவிட வேண்டும்.

முதல் மூன்று சுற்றுகள் இனிதே முடிந்தன. நான்காவது சுற்றில், நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் பதினைந்தாவது வளைவு நெருங்கியது. ஊசியின் காதுபோல் திரும்பும் அவ்வளைவுக்கு வேகத்தை வெகுவாகக் குறைக்க வேண்டும். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் வந்தவர், பிரேக்கை அழுத்தினார். மிதி, பஞ்சை மிதித்தாற்போல் உள்ளே இறங்கியது, கார் நிற்கவில்லை. மீண்டும் மீண்டும் மிதித்து, கியரையும் குறைத்தார். வளைவைத் தாண்டி, பாதைக்கு வெளியே விடப்பட்டிருந்த அகன்ற பாதுகாப்பு வெளியில் போய்த்தான் கார் நின்றது. மஞ்சள் கொடிகள் அசைந்தன. யாருக்கும் காயமில்லை. ஆனால், அவரது கைகள் நெடுநேரம் நடுங்கின.

காரணம் பிரேக் எண்ணெய்தான். அது காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை குறையும். டாட் 4 தரத்தின்படி, புதிய எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் கலந்த எண்ணெய்க்கு அந்த வரம்பு வெறும் 155 டிகிரிதான். கொதித்த எண்ணெயில் ஆவிக் குமிழிகள் தோன்றும். மிதியை அழுத்தும்போது அந்தக் குமிழிகள்தான் நசுங்கும். விசை சக்கரத்தைச் சென்று சேராது.

புதிய சக்கரங்களுக்குச் செலவழித்த பணத்தில் ஒரு சிறு பகுதி போதும், அந்த எண்ணெயை மாற்றியிருக்கலாம்.

அன்று மாலை, இழுவை வண்டியின் முன்னிருக்கையில் அமர்ந்து அவர் வீடு திரும்பினார். நெடுஞ்சாலையில் இரண்டு கார்கள் ஒன்றையொன்று துரத்தியபடி சீறிச் சென்றன. அவர் சாலையோரத்தைப் பார்த்தார். இரும்புத் தடுப்பு, அதையடுத்து ஒரு விளக்குக் கம்பம், பழுதாகி நின்ற ஒரு மோட்டார் சைக்கிள், அதன் அருகில் ஒரு தந்தையும் மகளும். அங்கே பாதுகாப்பு வெளியும் இல்லை. கொடி காட்டி எச்சரிக்க ஆளும் இல்லை.

வீட்டு வாசலில் தம்பி ஆவலுடன் காத்திருந்தான். அடுத்த மாதம் அவனுக்கு வாகனமோட்டும் உரிமத் தேர்வு.

“அண்ணா, எவ்வளவு வேகம் போனீர்கள்?”

அவர் அவனை அருகில் அமர வைத்து, பதினைந்தாவது வளைவில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.