புகையாத நெருப்பு

சுட்டுத் தின்பது நமக்குப் புதிதன்று. தோட்டத்து லயங்களில் விறகடுப்புத் தணலில் கருவாட்டையும் மரவள்ளிக் கிழங்கையும் சுட்டுத் தின்று வளர்ந்தவர்கள்தாமே நாம்! கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் குடிவந்த பிறகும் அந்த ஆசை விடவில்லை. விடுமுறை வந்தால் கோழியும் மீனும் கரியடுப்பில் ஏறிவிடுகின்றன. ஆனால், லயத்துக்கு முன்னால் திறந்த வெளி இருந்தது. இங்கோ காருக்கும் சுவருக்கும் நடுவே நாலடி இடம். அதற்கும் மேலே ஒரு கூரை!

'நெருப்பில்லாமல் புகையாது' என்பார்கள். புகையாத நெருப்பு ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை மழையை நீங்கள் அறிவீர்கள். சென்ற ஆண்டு என் அக்காள் வீட்டு வாசலில் கோழி பாதி வெந்திருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அத்தான் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வரப் பார்த்தார். அம்மா வாசற்படியில் நின்று மறித்துவிட்டார்.

"புகையே இல்லையே, அத்தை! கரி நல்லாப் பழுத்திருக்கு."

"புகை இருந்தாக் கண்ணு எரியும், நாமே வெளியே ஓடிடுவோம், மாப்பிள்ளை. புகை இல்லாததுதான் பயம்."

பிள்ளைக்குச் சாம்பிராணி போடும்போதுகூடக் கதவைத் திறந்து வைத்தவர் அம்மா. மீதிக் கோழி சமையலறைச் சட்டியில் வெந்தது. ருசி சற்றுக் குறைந்ததுதான். யாரும் குறை சொல்லவில்லை.

அம்மா சொன்னது முற்றிலும் உண்மை. பேராக், கோலா செபெத்தாங் சூளைகளிலிருந்து வரும் பாக்காவ் மரக் கரி புகை குறைந்தது; நெடுநேரம் கனலும். ஆனால் எந்தக் கரி எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு வெளியாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தம் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அதைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, மயக்கம், வாந்தி. களைப்பு என்று எண்ணிப் படுத்தவர் எழாமலே போகலாம். சன்னலைத் திறந்து வைத்தாலும், மின்விசிறியைச் சுழல விட்டாலும் போதாது. யாருக்காவது அப்படித் தோன்றினால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுபோய், 999-க்கு அழையுங்கள்.

இன்னும் சில வார்த்தைகள், தாய்மார்களே! அடுப்பைச் சுவர், கார், துணிக்கொடி ஆகியவற்றிலிருந்து பத்தடியாவது தள்ளித் திறந்த வெளியில் வையுங்கள். அடுக்குமாடி நடைபாதையும் மாடமும் அதற்கு ஏற்ற இடமல்ல. கனலும் கரியில் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். சுவாலை கைக்கே தாவும். பிள்ளைகளை எட்ட நிறுத்தி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வையுங்கள். சுட்டுவிட்டால் பற்பசையும் கீச்சாப்பும் வேண்டாம். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பெரிய காயமானால் மருத்துவமனைக்குப் போங்கள்.

முடிந்ததும் கரியில் நீர் தெளித்துக் கிளறி, மறுபடியும் தெளியுங்கள். மேலே சாம்பல் பூத்திருந்தாலும் உள்ளே மறுநாள் வரை கனல் இருக்கலாம். அதைக் குப்பைப் பையில் கொட்டாதீர்கள்.

அடுத்த முறை கரி பற்றவைக்குமுன், மழை வந்தால் என்ன செய்வது என்று வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கோழி உள்ளே வரட்டும். அடுப்பு வெளியிலேயே நனையட்டும்.