மலை இல்லாத கீரிமலை

ஒரு நாளுக்கு மட்டும் வந்து போகிறவர்களை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். நான் பிறந்து வளர்ந்தது கல்வராயன் மலையில், வெள்ளிமலையில். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக ஏறிவரும் வேன்கள் காலை பத்து மணிக்குப் பெரியார் அருவியில் வந்து நிற்கும். குளிப்பார்கள், கட்டிவந்த சோற்றைச் சாப்பிடுவார்கள், தேன் பாட்டிலுக்கு விலை பேசுவார்கள். நாலு மணிக்கு இறங்கிவிடுவார்கள். "உங்களுக்கென்ன சார், சொர்க்கத்துல இருக்கீங்க" என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொல்வார்கள். 1976 வரை இந்த மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது என்பதோ, என் தகப்பனார் கூலியில்லாமல் அவர்களுக்கு ஊழியம் செய்தவர் என்பதோ அருவியைப் பார்த்தால் தெரியாது. யாரும் கேட்டதில்லை. அந்தக் குறை எனக்குள் நெடுநாள் இருந்தது.

2023இல் நானும் அப்படி ஒரு நாள் விருந்தாளியாக ஓர் ஊருக்குப் போனேன்.

அந்த ஆண்டு ஜூன் 5ஆம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு 'எம்பிரஸ்' என்ற சுற்றுலாக் கப்பல் விடப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று அங்கே மூன்று துறைமுகங்கள். சென்னையில் வேலை பார்க்கும் மகன் எனக்கும் அவன் அம்மாவுக்கும் டிக்கெட் எடுத்துவிட்டான். கப்பலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சாப்பாடும் பாட்டும் தாராளமாக இருந்தன. நான் பெரும்பாலும் மேல்தளத்தில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காங்கேசன்துறை நெருங்கியபோது கரை ஒரு கோடாகத் தெரிந்தது. அந்தக் கோடு எங்கும் உயரவில்லை. எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரு மேடு கண்ணில் படும் ஊரில் வளர்ந்தவனுக்கு அந்தத் தட்டை நிலம் என்னவோ செய்தது. இறங்கிக் கால் வைத்ததும் வெயில் தரையிலிருந்தும் அடித்தது. சுண்ணாம்புக்கல் பூமி, கண் கூசியது. துறைமுகத்தை ஒட்டிப் பழைய சிமெந்து ஆலை, கூரை போய் நின்றது. 1950இல் தொடங்கி 1990 வரை ஓடிய ஆலை அது. "சோளகக் காத்து இருக்கிறதால தப்பிச்சீங்கள் ஐயா, இல்லாட்டி இன்னும் வேகும்" என்றார் எங்களை அழைத்துப்போன இளைஞர். தென்மேற்குக் காற்றை அவர்கள் சோளகம் என்கிறார்கள்.

முதலில் கீரிமலை. பெயரைக் கேட்டதும் எனக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. பேருந்திலிருந்து இறங்கி நாலு பக்கமும் தேடினேன். பனைகள், நகுலேஸ்வரம் கோயில், கடல். "மலை எங்க தம்பி?" என்று கேட்டேன். கீரி முகத்தோடிருந்த நகுல முனிவர் இங்கே நீராடி மனித முகம் பெற்ற கதையை அவர் சொன்னார். மலையைப் பற்றி அவருக்கும் பதில் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை கிடையாது, ஆண்டு முழுக்க ஓடும் ஆறும் கிடையாது. பெய்கிற மழை சுண்ணாம்புக்கல் இடுக்குகளில் இறங்கி, நிலத்துக்கு அடியிலேயே நடந்து, கடலோரத்தில் ஊற்றாக வெளியே வருகிறது. கீரிமலைக் கேணி அதுதான். சுவருக்கு அந்தப் பக்கம் அலை அடிக்கிறது, இந்தப் பக்கம் நன்னீர். எங்கள் மலையில் தண்ணீர் மேலிருந்து விழும். இங்கே அது அடியிலிருந்து வருகிறது. ஆடி அமாவாசைக்கு இறந்தவர்களுக்காக நீராட வடக்கெங்குமிருந்து சனம் இங்கே கூடும் என்றார்கள். நான் இறங்கி மூன்று முழுக்குப் போட்டேன். அந்த வெயிலுக்கு அது அமுதம்.

எங்களோடு வந்தவர்களில் பாதிப் பேர் ஏசி பேருந்தைவிட்டு இறங்கவே இல்லை. வெளியே ஒரு வயதான அம்மா நிழலில் உட்கார்ந்து பனங்கட்டி விற்றுக்கொண்டிருந்தார். சின்னச் சின்ன ஓலைக் கூடைக்குள் கட்டி, குட்டான் என்கிறார்கள். ஈரத் தலையோடு அவர் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தேன்.

"இந்தியாவில எவடம்?"

"வெள்ளிமலைம்மா. கல்வராயன் மலையில."

"மலையோ!" என்று சிரித்தார். பிறகு தன் ஊரைச் சொன்னார், அங்கிருந்து கூப்பிடு தூரம். "தொண்ணூறில உடுத்த உடுப்போட வெளிக்கிட்டனாங்கள். திரும்பி வரேக்க எனக்குப் பேரப்பிள்ளையள்."

1990இல் கீரிமலை இருக்கும் வலிகாமம் வடக்குப் பகுதி மக்கள் வெளியேற, அந்த நிலம் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. போர் 2009இல் முடிந்த பின்பும் நிலம் துண்டு துண்டாகத்தான் திரும்பி வந்தது.

"வீடு இருந்துச்சாம்மா?"

"வீடும் இல்லை, வேலியும் இல்லை. எல்லாம் பத்தை. கிணறு மட்டும் கிடந்துது. அந்தக் கிணத்தை வைச்சுத்தான் இது எங்கட வளவு எண்டு கண்டுபிடிச்சனாங்கள்."

எனக்குப் பேச்சு வரவில்லை. நான் ஏறி வந்த கப்பல் முதன்முதலில் பயணிகளை ஏற்றியதும் அதே 1990இல்தான் என்று பின்னால் அறிந்தேன். அது ஊர் ஊராக விருந்தாளிகளைச் சுமந்துகொண்டிருந்த காலமெல்லாம் இந்த அம்மா தன் கிணற்றுக்காகக் காத்திருந்திருக்கிறார்.

நான் என் தகப்பனாரின் ஊழியத்தைச் சொன்னேன். உழுகிற நிலத்துக்குப் பட்டா இல்லாமல் எங்கள் சனம் அலைவதைச் சொன்னேன். வெளியூரார் ஒருவரிடம் அதை நான் சொன்னது அதுவே முதல் தடவை. அவர் குட்டான் பின்னுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பேருந்து ஹாரன் அடித்தது. ஆறு குட்டான் வாங்கினேன். அவர் ஏழு கட்டிக் கொடுத்தார். "அடுத்த முறை ஆறுதலா வாங்கோ ஐயா" என்றார். நம்மிடம் துக்கத்துக்குச் சொல்லும் சொல் அது. அவர்கள் தமிழில், அவசரமில்லாமல் என்று பொருள்.

அதற்குப் பிறகு நல்லூர், யாழ்ப்பாண நூலகம். 1981இல் சுமார் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டு, மறுபடி எழுப்பப்பட்ட நூலகம். அங்கே நின்றது பத்து நிமிடம். சாயங்காலம் கப்பல் ஏறிவிட்டோம்.

ஊர் திரும்பிய பிறகுதான் உறைத்தது. அருவிக்கு வருகிறவர்கள் கேட்பதில்லை என்று நான் குறைப்பட்டேனே, அவர்களை ஒரு நாளாவது உட்காரச் சொன்னேனா? இப்போது சொல்கிறேன். கேழ்வரகுக் கூழ் கொடுத்து, ஜாகிர் காலத்தைச் சொல்கிறேன். சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். சிலர் இருட்டும்வரை இருக்கிறார்கள்.

நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14 அன்று பயணிகள் கப்பல் சேவை தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. ஏறக்குறைய நாலு மணி நேரக் கடல்தான். கள்ளக்குறிச்சிக்காரர்களுக்குச் சென்னையைவிட நாகை பக்கம். போகிறவர்கள் இரண்டு நாளாவது தங்குங்கள். கீரிமலை வாசலில் குட்டான் வாங்கும்போது விலை பேசாமல், பக்கத்தில் உட்கார்ந்து வாங்குங்கள்.